வாசகர் கேள்வி பதில்: ரிசீவர்ல எங்க கெயின், எங்க லாஸ்?

இந்த தடவை சொந்தமா ரிசீவர் கட்டுற ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்களோட கேள்விகளா எடுத்துக்கிட்டேன், எல்லாமே ஒவ்வொரு ஸ்டேஜ்லயும் கெயின் லாஸ் எப்படி அளக்குறதுங்குறத சுத்தித்தான். டெசிபெல்ல சுருக்கமா டிபின்னு எழுதுறேன், டிபிஎம்னு வந்தா 1 மில்லிவாட்ட பூஜ்யமா வெச்சு சொல்றதுன்னு எடுத்துக்கோங்க.

கேள்வி: சார், 40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ்) ஒரு சூப்பர்ஹெட் (வர்ற சிக்னல ஒரு நிலையான ஃப்ரீக்வென்சிக்கு மாத்திக் கேக்குற ரிசீவர்) கட்டியிருக்கேன். பேண்ட்பாஸ் ஃபில்டர், என்இ602 மிக்ஸர் (ஃப்ரீக்வென்சிய மாத்துற ஐசி), 9 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல் ஃபில்டர், ஐஎஃப் (அந்த நிலையான இடை ஃப்ரீக்வென்சி) ஆம்ப், இன்னொரு என்இ602, கடைசியா எல்எம்386 ஆடியோ ஆம்ப். ஒவ்வொரு இடத்துலயும் ஸ்கோப் புரோப் வெச்சு உள்ள எவ்ளோ வெளிய எவ்ளோன்னு பாத்து 20 லாக் (வோல்டேஜ் விகிதத்தோட லாக்க 20ஆல பெருக்குறது) போட்டு கூட்டினேன், 120 டிபிக்கு மேல வருது. ஆனா ஸ்டேஷன் எல்லாம் கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு. பேண்ட்பாஸ் ஃபில்டரே 13 டிபி கெயின் காட்டுது, அது எப்படி?

பதில்: கடைசி வரிய கேக்கும்போதே உங்களுக்கே சந்தேகம் வந்திருக்கு பாருங்க, அந்த சந்தேகம் சரிதான். காயிலும் கெப்பாசிட்டரும் மட்டும் இருக்குற ஒரு ஃபில்டர் பவர கூட்டித் தரவே முடியாது, அதுக்கு சப்ளையே கிடையாதே. நீங்க பாத்தது வோல்டேஜ் ஏறினத. ஆன்டெனா பக்கம் 50 ஓம், என்இ602 உள்ள பாத்தா 1,500 ஓம், ரெண்டுக்கும் நடுவுல உங்க ஃபில்டர் இம்பீடன்ஸ (ஏசிக்கு சர்க்யூட் காட்டுற தடை) மாத்திக் குடுக்குது. 50ல இருந்து 1,500ன்னா 30 மடங்கு, வோல்டேஜ் அதோட ஸ்கொயர் ரூட்ல ஏறும், அதாவது சுமார் 5.5 மடங்கு, 20 லாக் போட்டா 14.8 டிபி. ஒரு துளி பவர் கூட போகலன்னா ஸ்கோப்ல 14.8 தெரியணும், உங்களுக்கு 13 தெரியுது, அப்போ ஃபில்டரோட உண்மையான லாஸ் 1.8 டிபி. நல்ல ஃபில்டர்தான், ஆனா உங்க கணக்குல மைனஸ் 1.8ன்னு வர வேண்டிய இடத்துல பிளஸ் 13ன்னு வந்திருக்கு, ஒரே ஸ்டேஜ்ல கிட்டத்தட்ட 15 டிபி பொய். இதே மாதிரி ஐஎஃப்ல ஒரு டிரான்ஸ்ஃபார்மர் 50ல இருந்து 200க்கு ஏத்தினா அங்க ஒரு 6 டிபி பொய். 120 எப்படி வந்துச்சுன்னு இப்ப புரியும்.

20 லாக் தப்பு கிடையாது, உள்ளயும் வெளியயும் ஒரே இம்பீடன்ஸா இருந்தா மட்டும்தான் அது பவர் கெயின சொல்லும். வேற வேறன்னா ரெண்டு பக்கமும் வோல்டேஜ் ஸ்கொயர இம்பீடன்ஸால வகுத்து பவர் எடுத்து, அப்புறம் 10 லாக்.

ரெண்டாவது வில்லன் உங்க புரோப். 10எக்ஸ் புரோப் 10 மெகாஓம்னு சொல்றாங்களே அது டிசிக்கு, ஆர்எஃப்ல (ரேடியோ ஃப்ரீக்வென்சியில) முனையில இருக்குற 12 பிகோஃபேரட்தான் பேசும். 9 மெகாஹெர்ட்ஸ்ல அது சுமார் 1,470 ஓம், அதாவது என்இ602 அவுட்புட் இம்பீடன்ஸுக்கு சமானமா ஒரு லோட நீங்க கையால கொண்டு போய் ஒட்டுறீங்க, அதுவும் டியூன்ட் சர்க்யூட்ல வெச்சா டியூனிங்கே நகர்ந்துடும். புரோப வெச்சா ஒரு நிலைமை, எடுத்தா ஒரு நிலைமை. 1எக்ஸ்ல போட்டீங்கன்னா இன்னும் மோசம், கேபிளோட சேர்த்து 100 பிகோஃபேரட் வாக்குல வந்துடும்.

அதனால நான் சொல்றது என்னன்னா, சர்க்யூட் நடுவுல எட்டிப் பாத்து அளக்குற பழக்கத்த விட்டுட்டு ஒவ்வொரு ஸ்டேஜையும் தனியா கழட்டி, அது எந்த இம்பீடன்ஸுக்கு டிசைன் பண்ணினதோ அத ரெண்டு பக்கமும் குடுத்து அளங்க. 50 ஓம் மாட்யூல்ன்னா நேரா அளந்துடலாம். என்இ602 மாதிரி 1,500 ஓம் ஆசாமின்னா 50 ஓம் பக்கம் கிரவுண்டுக்கு ஒரு 51 ஓம், அங்கேர்ந்து சீரிஸ்ல ஒரு 1.5 கிலோஓம், இந்த மாதிரி உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு (டிசி போகாம இருக்க ஒரு 100 நானோஃபேரட் கெப்பாசிட்டரோட). ஒவ்வொண்ணும் 20.7 டிபி தின்னும், ரெண்டுக்கும் சேர்த்து 41.4 கூட்டிக்கணும். டேட்டாஷீட் 45 மெகாஹெர்ட்ஸ்ல கன்வர்ஷன் கெயின் 17, 18 டிபின்னு சொல்லுது, உங்களுக்கும் அதுக்கு பக்கத்துல வந்தா மிக்ஸர் நல்லாருக்கு, குத்தம் வேற எங்கயோ. ஒரு சந்தேகம் மட்டும் சொல்லி வைக்கிறேன், கிறிஸ்டல் ஃபில்டர் 200 ஓம்க்கு டிசைன் பண்ணினதா இருந்து அத நேரா 1,500 ஓம் என்இ602 மேல மாட்டியிருந்தா முதல்ல அங்க பாருங்க.

கேள்வி: ஸ்பெக்ட்ரம் அனலைசர் எல்லாம் எங்கிட்ட இல்ல. ஒரு சிக்னல் ஜெனரேட்டர், ஒரு மல்டிமீட்டர், ரெசிஸ்டர் டப்பா. இத வெச்சு கெயின் அளக்க முடியுமா?

பதில்: தாராளமா. சொல்லப்போனா மீட்டர நம்பி அளக்குறத விட இது நல்ல முறை. பேரு சப்ஸ்டிடியூஷன், தராசுல சாமான் ஒரு தட்டு படிக்கல் ஒரு தட்டுன்னு வைக்கிற மாதிரிதான், முள்ளு நடுவுல நிக்குதான்னு மட்டும் தெரிஞ்சா போதும், முள்ளுக்கு அளவு தெரிய வேண்டியதில்ல. இங்க படிக்கல் உங்க அட்டென்யூவேட்டர்.

ஜெனரேட்டர்ல இருந்து ஸ்டெப் அட்டென்யூவேட்டர், அதுல இருந்து 50 ஓம் டெர்மினேஷன் போட்ட டிடெக்டர். முதல்ல ஸ்டேஜ் இல்லாம நேரா இணைச்சு ஒரு ரீடிங் வர்ற மாதிரி செட் பண்ணி குறிச்சுக்கோங்க. அப்புறம் அட்டென்யூவேட்டருக்கும் டிடெக்டருக்கும் நடுவுல ஆம்ப சொருகுங்க, ரீடிங் எகிறும், பழைய ரீடிங்குக்கே திரும்புற வரைக்கும் அட்டென்யூவேஷன ஏத்துங்க. எவ்ளோ ஏத்தினீங்களோ அதான் கெயின். ஃபில்டர்ன்னா தலைகீழ், ரீடிங் விழும், அட்டென்யூவேஷன குறைச்சு திரும்ப கொண்டு வாங்க. டிடெக்டர் டையோடு எவ்ளோ வளைஞ்சு நெளிஞ்சு அளந்தாலும் கவலையில்ல, ரெண்டு தடவையும் ஒரே புள்ளியிலதான் நிக்குது. அட்டென்யூவேட்டர் ஆம்புக்கு முன்னாடி இருக்கணுங்குறது முக்கியம், பின்னாடி போட்டா ஆம்புக்கு அதிக சிக்னல் போய் அது நசுங்கிடும்.

சாதாரண டையோடு டிடெக்டருக்கு ஒரு 0.2, 0.3 வோல்ட்டாவது வேணும், அதுக்கு கீழ மல்டிமீட்டர்ல உருப்படியா ஒண்ணும் தெரியாது. சின்ன சிக்னல்ல அளக்கணும்னா டிடெக்டருக்கு முன்னாடி ஒரு வைட்பேண்ட் ஆம்ப நிரந்தரமா போட்டுடுங்க, அதோட கெயின் தெரியாட்டியும் பரவால்ல, ரெண்டு ரீடிங்லயும் அது பொதுவா இருக்கு. வசதிப்பட்டா ஏடி8307 லாக் டிடெக்டர் ஒண்ணு போட்டு மீட்டர் கட்டுங்க, டிபிக்கு 25 மில்லிவோல்ட்ன்னு குடுக்கும், 90 டிபி ரேஞ்ச், அப்புறம் வாழ்க்கையே வேற.

அட்டென்யூவேட்டர் பை டைப்ல (ரெண்டு பக்கமும் கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர், நடுவுல சீரிஸ்ல ஒண்ணு) கட்டிக்கோங்க. 10 டிபிக்கு கணக்குப்படி ரெண்டு பக்கம் 96, நடுவுல 71 ஓம், டப்பாவுல இருக்குறது 100, 68ன்னா அதையே போடுங்க, 9.7 டிபி வரும், பெட்டி மேல 10ன்னு எழுதாம 9.7ன்னே எழுதுங்க. 20க்கு 62, 240 போட்டா அதுவும் 19.7. 6க்கு 150, 39 போட்டா 6.2. 3க்கு 300, 18 அப்படியே சரியா வரும். ரெசிஸ்டர் டிசியிலயும் அதே வேலையத்தான் செய்யும், அதனால கடைசியில ஒரு 50 ஓம் மாட்டி உள்ள 2 வோல்ட் டிசி குடுத்து ரெண்டு பக்கமும் மல்டிமீட்டர்ல அளந்து 20 லாக் போட்டா உங்க அட்டென்யூவேட்டர் கேலிபிரேஷன் முடிஞ்சுது. எச்எஃப்ல (3ல இருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்) அந்த நம்பர் அப்படியே நிக்கும், லீடு மட்டும் குட்டையா வைங்க, 10, 20 டிபி ஒவ்வொண்ணுக்கும் நடுவுல தகரத் தடுப்பு போடுங்க. ஒரே பெட்டியில 20 டிபியா அடுக்கி 80க்கு போகாதீங்க, ரெசிஸ்டர் வழியா போறத விட பெட்டிய சுத்தி காத்துல போறது அதிகமாயிடும்.

கேள்வி: ஃபீட்பேக் ஆம்ப் ஒண்ணு கட்டினேன், டிசைன்ல 20 டிபி, நான் அளந்தா 26 வருது. சந்தோஷப்படலாமா?

பதில்: சரியா 6 டிபி வித்தியாசம்னு பாத்ததுமே எங்கயோ ஒரு 50 ஓம் காணாம போயிருக்குன்னு அர்த்தம். ஆம்ப் அவுட்புட்ட ஸ்கோப்ல நேரா குடுத்திருப்பீங்க, ஸ்கோப் 1 மெகாஓம், லோடே இல்ல, வோல்டேஜ் ரெண்டு மடங்கா நிக்கும். ஸ்கோப் சாக்கெட்ல ஒரு டி போட்டு 50 ஓம் டெர்மினேட்டர் மாட்டி திரும்ப அளங்க. இதே கூத்து ஜெனரேட்டர் பக்கமும் நடக்கும், நிறைய ஃபங்ஷன் ஜெனரேட்டர் ஸ்கிரீன்ல காட்டுற வோல்டேஜ் 50 ஓம் லோடு இருந்தா எவ்ளோ வருமோ அது, லோடு இல்லாம பாத்தா டபுள். ஞாபகம் வெச்சுக்க ஒரே ஒரு நம்பர் போதும், 50 ஓம்ல 0 டிபிஎம்ன்னா 0.224 வோல்ட் ஆர்எம்எஸ், ஸ்கோப்ல பீக் டு பீக் 0.632.

டெர்மினேட்டர் போட்டும் கெயின் அநியாயத்துக்கு அதிகமா இருந்தா ஜெனரேட்டர ஆஃப் பண்ணிப் பாருங்க. அப்பவும் அவுட்புட் இருந்தா அது ஆம்ப் இல்ல, ஆசிலேட்டர்.

கேள்வி: டையோடு ரிங் மிக்ஸர் கட்டி ஏடி8307 மீட்டர்ல அளந்தேன். உள்ள மைனஸ் 30 டிபிஎம், வெளியயும் மைனஸ் 30. லாஸே இல்லாத மிக்ஸர் கண்டுபிடிச்சுட்டேனா?

பதில்: பேடன்ட் ஆபீஸுக்கு கிளம்பாதீங்க. அந்த மீட்டர் 500 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் எது வந்தாலும் பாக்கும், இது என் ஐஎஃப் இது வேறன்னு பிரிக்கத் தெரியாது. உங்க மிக்ஸர் அவுட்புட்ல என்னென்ன இருக்குன்னு பாருங்க, 7.1 மெகாஹெர்ட்ஸ் சிக்னல், 16.1 லோக்கல் ஆசிலேட்டர் (மிக்ஸருக்கு நாம குடுக்குற சொந்த சிக்னல்)னு வெச்சுக்கிட்டா வேணுங்குற 9 மெகாஹெர்ட்ஸ் இருக்கு, அதே அளவு 23.2லயும் இருக்கு, அது போக லோக்கல் ஆசிலேட்டர் கசிவு. லாஸ் 6 டிபின்னா முதல் ரெண்டும் ஆளுக்கு மைனஸ் 36, ஆசிலேட்டர் பிளஸ் 7 டிபிஎம் குடுத்து ஐசொலேஷன் (கசிவ தடுக்குற அளவு) 40 டிபி கிடைச்சா கசிவு மைனஸ் 33. பவரா மாத்தி கூட்டிப் பாத்தா மொத்தம் மைனஸ் 30. லாக் டிடெக்டர் கச்சிதமா பவர கூட்டாது, ஆனா சுமாரா அந்த இடத்துல வந்து நிக்கும், உங்களுக்கு அதான் நடந்திருக்கு.

மிக்ஸர அளக்கணும்னா அவுட்புட்ல இருந்து ஒரே ஒரு ஃப்ரீக்வென்சிய பிரிச்செடுக்கணும். டைனிஎஸ்ஏ (குட்டி ஸ்பெக்ட்ரம் அனலைசர்) இருந்தா 9 மெகாஹெர்ட்ஸ் கோட்ட பாத்தா முடிஞ்சது. இல்லன்னா மிக்ஸருக்கு பின்னாடி ஒரு 6 அல்லது 10 டிபி அட்டென்யூவேட்டர், அப்புறம் 9 மெகாஹெர்ட்ஸ்க்கு ஒரு எல்சி பேண்ட்பாஸ், அதோட லாஸ முன்னாடியே அளந்து வெச்சு கழிச்சுக்கோங்க. நடுவுல அந்த அட்டென்யூவேட்டர் எதுக்குன்னா, ஃபில்டர் வேணாம்னு தள்ளுற 23.2 எல்லாம் திரும்பி மிக்ஸருக்குள்ளயே போய் மறுபடி மிக்ஸ் ஆகி லாஸ் கணக்கையே மாத்திடும், அதுக்கு. ஒழுங்கா அளந்தா 5.5ல இருந்து 7 டிபிக்குள்ள வரணும். 9, 10 வந்தா டையோடு மேல சந்தேகப்படுறதுக்கு முன்னாடி ஆசிலேட்டர் லெவல் நிஜமாவே பிளஸ் 7 இருக்கான்னு, மிக்ஸர் வாசல்ல 50 ஓம் மாட்டி அளங்க. முக்கால்வாசி அங்கதான் இருக்கும்.

கேள்வி: நானோவிஎன்ஏல (குட்டி நெட்வொர்க் அனலைசர்) கிறிஸ்டல் ஃபில்டர பாத்தா மேடு பள்ளமா 9 டிபி லாஸ் காட்டுது. ஃபில்டர் 200 ஓம் டிசைன். கிறிஸ்டல் மோசமா?

பதில்: கிறிஸ்டல திட்டாதீங்க, 200 ஓம் ஃபில்டர 50 ஓம்ல மாட்டினா அப்படித்தான் காட்டும். ரெண்டு பக்கமும் சீரிஸ்ல 150 ஓம் போடுங்க, ஃபில்டர் இப்ப ரெண்டு திசையிலயும் 200 ஓம் பாக்கும். முதல்ல ஃபில்டர எடுத்துட்டு ரெண்டு 150யையும் நேரா சேர்த்துப் பாருங்க, மைனஸ் 12 டிபி காட்டணும், அதான் உங்க பூஜ்யம். அப்புறம் ஃபில்டர போட்டு 15 காட்டினா லாஸ் 3 டிபி, அவ்ளோதான். மேடு பள்ளமும் பெருசா அடங்கிடும். ஸ்பேன 10 கிலோஹெர்ட்ஸ் வாக்குல சுருக்குங்க, பெரிய ஸ்பேன்ல 101 புள்ளிய தெளிச்சா ஃபில்டர் மேல ரெண்டு மூணு புள்ளிதான் விழும், உச்சிய பாக்கவே மாட்டீங்க.

கேள்வி: அதே நானோவிஎன்ஏல ஆம்ப் கெயின் பாக்கலாமா? பயமா இருக்கு.

பதில்: பாக்கலாம், பயமும் நியாயம்தான். அதோட அவுட்புட் மைனஸ் 10 டிபிஎம் பக்கத்துல இருக்கும், 20 டிபி ஆம்புக்கு அத நேரா குடுத்தா பிளஸ் 10 வரணும், ஆம்பும் நசுங்கும் ரெண்டாவது போர்ட்டும் திணறும். ஆம்புக்கு முன்னாடி 30 டிபி அட்டென்யூவேட்டர் போட்டு, அது இருக்கும்போதே த்ரூ கேலிபிரேஷன் (ஆம்ப் இல்லாம நேரா சேர்த்து பூஜ்யம் வைக்கிறது) பண்ணிடுங்க, அப்போ 30ஐ கழிச்சு காட்டும். அவுட்புட்ல டிசி இருந்தா கண்டிப்பா கெப்பாசிட்டர். அப்புறம் எந்த கருவியில கெயின் எடுத்தாலும் ஒரு பழக்கம் வெச்சுக்கோங்க, உள்ள 10 டிபி குறைச்சா வெளியயும் சரியா 10 குறையுதான்னு பாருங்க. 8தான் குறைஞ்சா ஆம்ப் கம்ப்ரஷன்ல (நசுங்கின நிலைமையில) இருந்திருக்கு, நீங்க எழுதின கெயின் செல்லாது.

கேள்வி: பேண்ட்பாஸ் ஃபில்டர நல்லா ஷார்ப்பா டியூன் பண்ணினேன், லாஸ் 5 டிபி ஆயிடுச்சு. ஏன்?

பதில்: ஷார்ப்புக்கு குடுக்குற விலை. ஒரு டியூன்ட் சர்க்யூட்டோட லோடட் க்யூவ (ஃப்ரீக்வென்சிய அகலத்தால வகுத்தா வர்றது) காயிலோட சொந்த க்யூவால வகுத்து, அத ஒண்ணுல இருந்து கழிச்சு 20 லாக் போட்டா லாஸ். 7 மெகாஹெர்ட்ஸ்ல 350 கிலோஹெர்ட்ஸ் அகலம்னா லோடட் க்யூ 20, காயில் க்யூ 200ன்னா 0.9 டிபிதான் போகும். அதே காயில்ல 100 கிலோஹெர்ட்ஸுக்கு சுருக்கினா லோடட் க்யூ 70, லாஸ் 3.7. காயில் க்யூ 100தான்னா இன்னும் படுத்துடும். அகலத்த விட்டுக் குடுங்க, இல்ல டி50-6 மாதிரி டொராய்டுல (வளைய வடிவ கோர்) கொஞ்சம் தடிமனான கம்பியில சுத்துங்க.

கேள்வி: எல்லாம் அளந்தாச்சுன்னே வெச்சுக்குவோம், மொத்தம் எவ்ளோ கெயின் வேணும்?

பதில்: ஆன்டெனாவுல 1 மைக்ரோவோல்ட் 50 ஓம்ல மைனஸ் 107 டிபிஎம். ஹெட்ஃபோனுக்கு 1 மில்லிவாட்ன்னா காது கிழியிற அளவுக்கு போதும், அது 0 டிபிஎம். ஆக 107 டிபி. டையோடு மிக்ஸர் வெச்ச ரிசீவர்ல இத எப்படி பிரிக்கலாம்னா, பேண்ட்பாஸ் மைனஸ் 2, மிக்ஸர் மைனஸ் 6, அடுத்த ஆம்ப் பிளஸ் 20, கிறிஸ்டல் ஃபில்டர் மைனஸ் 4, ஐஎஃப் பிளஸ் 25, டிடெக்டர் மைனஸ் 6, இதுவரைக்கும் 27, மிச்சம் 80 ஆடியோல. எல்எம்386 கால் 1க்கும் 8க்கும் நடுவுல 10 மைக்ரோஃபேரட் போட்டா 46 டிபி குடுக்கும், எனக்கு அது பிடிக்காது, சீறல் ஜாஸ்தி, கெப்பாசிட்டர எடுத்துட்டு 26லயே ஓட்டி மீதிய முன்னாடி நல்ல ஆப்ஆம்ப்ல வாங்குறது நிம்மதி.

கிறிஸ்டல் ஃபில்டருக்கு முன்னாடி கெயின அடுக்காதீங்க. 7 மெகாஹெர்ட்ஸ்ல அமைதியான கிராமப்புறத்துல கூட ஆன்டெனா கொண்டு வர்ற இரைச்சல் தெர்மல் இரைச்சலுக்கு சுமார் 30 டிபி மேல நிக்கும், ரிசீவரோட நாய்ஸ் ஃபிகர் (ரிசீவர் தானா சேர்க்குற இரைச்சலோட அளவு) 15 டிபியா இருந்தாலும் ஒரு ஸ்டேஷனையும் இழக்க மாட்டீங்க. அத சோதிக்க கருவியே வேணாம், ஆன்டெனாவ கழட்டுங்க மாட்டுங்க, மாட்டும்போது இரைச்சல் தெளிவா ஏறிச்சுன்னா முன்பக்க கெயின் போதும். அதுக்கு மேல குடுக்குற ஒவ்வொரு டிபியும் பக்கத்து ஸ்டேஷன் உங்க மிக்ஸர மிதிக்கிறதுக்குத்தான் உதவும்.

கேள்வி: ஐஎஃப் கெயின் ஒவ்வொரு தடவை அளக்கும்போதும் மாறுது.

பதில்: ஏஜிசிய (சிக்னலுக்கு ஏத்த மாதிரி கெயின தானா மாத்துற சர்க்யூட்) ஆஃப் பண்ணுங்க. கன்ட்ரோல் லைன கழட்டி ஒரு நிலையான வோல்டேஜ் குடுத்துட்டு அளங்க.

கேள்வி: தனித்தனியா அளந்து கூட்டினா 104, முழு ரிசீவரா அளந்தா 101. அந்த 3 டிபி எங்க போச்சு?

பதில்: மாட்யூலுக்கும் மாட்யூலுக்கும் நடுவுல. தனியா அளந்தப்போ ரெண்டு பக்கமும் சுத்தமான 50 ஓம், சேர்த்து வெச்சா ஒருத்தர் 35 ஓம் இன்னொருத்தர் 80 ஓம்னு இருப்பாங்க, ஒவ்வொரு ஜாயின்ட்லயும் கொஞ்சம் கொஞ்சம் சிந்தும். கிறிஸ்டல் ஃபில்டருக்கு முன்னாடியும் பின்னாடியும் 3 டிபி அட்டென்யூவேட்டர் போட்டா இந்த ஆட்டம் குறையும், போற கெயின ஆடியோல எடுத்துக்கலாம். மொத்த 101ல 3 டிபி மிஸ்ஸிங்னா நான் அத தேட மாட்டேன், பேசாம கேட்டுட்டு இருப்பேன். 10 டிபி மிஸ்ஸிங்னா அடுத்த தடவை எழுதுங்க, எந்தெந்த ஸ்டேஜ் எவ்ளோ, என்ன இம்பீடன்ஸ்ல அளந்தீங்கன்னு சேர்த்து எழுதுங்க, அது இல்லாம என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. 73 (ஹாம் பாஷையில வாழ்த்துகள்).